குடியிருக்கும் இடமும் குடும்பத்தின் நலமும்



"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று பள்ளிச் சுவர்களில் அழகாக எழுதி வைக்கிறோம். ஆனால், நோய் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்கிறோம்? "சாப்பாடு சரியில்லைங்க" என்கிறார் ஒருவர். "உடம்பைக் கவனிக்கல" என்கிறார் இன்னொருவர். "எல்லாம் தலையெழுத்து" என்று மேலே கை காட்டுகிறார் மூன்றாமவர். "நான் குடியிருக்கும் வீடு நிற்கிற இடம் சரியில்லை" என்று சொல்பவரைக் காண்பது அரிது. ஆனால் வரலாறு அதைத்தான் சொல்கிறது. அதுவும் எங்கோ தூரத்து நாட்டு வரலாறு மட்டும் சொல்லவில்லை; நம் சிலாங்கூர் மாநிலத்தின் வரலாறே சொல்கிறது.

முதலில் நம் ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். புக்கிட் என்றால் குன்று. சுங்கை என்றால் ஆறு. பாயா என்றால் சதுப்பு நிலம். பாரிட் என்றால் வெட்டிய வாய்க்கால். கோல என்றால் ஆறு கடலில் சேரும் இடம். புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், கோல சிலாங்கூர்! இந்தப் பெயர்களை வைத்தவர்கள் பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர். ஆனாலும் மேடா, பள்ளமா, தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்பதைப் பார்த்த பிறகே ஊருக்குப் பெயர் சூட்டினார்கள். நாமோ அந்தப் பெயரைத் தினமும் வாயால் சொல்கிறோம். அதன் பொருளை மறந்துவிட்டோம்.

பழைய நகரங்கள் காட்டும் பாடம்

சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன்பே சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் தெருக்கள் நேர்கோட்டில் அமைந்திருந்தன. வீட்டுக் கழிவுநீர் தெருவோரச் செங்கல் வடிகாலில் விழுந்து ஊருக்கு வெளியே ஓடியது. மதுரைக்கு அருகே கீழடியில் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய அகழாய்விலும் செங்கல் கட்டடங்களும், உறைகிணறுகளும், நீர் செல்லும் வழிகளும் வெளிப்பட்டன. ஊர் என்றால் வீடுகளின் கூட்டம் மட்டும் இல்லை, தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும் சேர்ந்ததுதான் ஊர் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

அதை மறந்த நகரங்கள் என்ன பாடுபட்டன? 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் பிராட் தெருப் பகுதியில் வாந்திபேதி பரவி 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றினால் நோய் வருகிறது என்றே அந்நாளில் பெரும்பாலோர் நம்பினர். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் மட்டும் வீடு வீடாக விசாரித்து, இறந்தவர்களில் மிகப் பலர் ஒரே அடிகுழாயின் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று கண்டார். அந்தக் கிணற்றின் அருகிலேயே ஒரு மலக்குழி கசிந்துகொண்டிருந்தது! கிணறும் மலக்குழியும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்த குற்றத்திற்கு 600 உயிர்கள் தண்டம் கட்டின.

கிள்ளானைக் காப்பாற்றிய வாய்க்கால்கள்

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், இந்தியாவின் செகந்திராபாத் நகரில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தார். இதற்காக 1902இல் நோபல் பரிசும் பெற்றார். கொசுதான் நோயைச் சுமக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்து என்ன செய்வது? கொசுவை ஒவ்வொன்றாக அடித்துத் தீர்க்க முடியுமா?

1901ஆம் ஆண்டு ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அன்றைய கிள்ளான் காட்டுக்கும் சதுப்புக்கும் நடுவில் கிடந்த சிற்றூர். வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று அழைக்கும் துறைமுகம்தான் அது. அலையாத்திக் காட்டுச் சேற்றில் எழுந்த அந்தத் துறைமுகத்தில் வேலையாட்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

கொய்னா மருந்து கையில் இருந்தது, அதையும் கொடுத்தார்கள். ஆனால் வாட்சன் அதோடு நிற்கவில்லை. ஊரின் அமைப்பையே மாற்றவேண்டும் என்றார். காட்டை வெட்டினார்கள், வாய்க்கால் தோண்டிச் சதுப்பு நீரை வடித்தார்கள், கடல்நீர் ஏறாதபடி துறைமுகத்தைச் சுற்றிக் கரை போட்டார்கள்.

பலன் என்ன? இரண்டு ஊர்களிலும் சேர்த்துக் காய்ச்சலால் இறந்தவர்கள் 1901இல் 368 பேர். 1902இல் 59 பேர். 1903இல் 46 பேர். எல்லா நோய்களையும் சேர்த்துப் பார்த்தால் 1901இல் 582ஆக இருந்த சாவு, மறு ஆண்டில் 144ஆக இறங்கியது. இதே காலத்தில், வடிகால் வெட்டப்படாத சுற்றுப்புறக் கம்பங்களிலும் தோட்டங்களிலும் சாவு இப்படி இறங்கவில்லை. அதே வானம், அதே மழை, அதே மக்கள். மாறியது நிலத்தின் அமைப்பு ஒன்றுதான். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

தோட்டத்திற்கு வந்த மருத்துவர்

அடுத்து வந்தது கித்தாக் காலம். தமிழ்நாட்டிலிருந்து நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் பாட்டன் பாட்டிமார் ஆயிரம் ஆயிரமாய் வந்து இறங்கினார்கள். காடு வெட்டினார்கள், கன்று நட்டார்கள், பால் வெட்டினார்கள். அவர்கள் தங்குவதற்கு லயங்கள் எழுந்தன. லயத்தை எங்கே கட்டுவது என்று அவர்களிடம் யார் கேட்டார்கள்? தண்ணீருக்குச் சௌகரியம் என்று ஓடைப் பள்ளத்தின் அருகே கட்டினார்கள். வேலைக்குக் கிட்டம் என்று வெட்டாத காட்டின் ஓரத்தில் கட்டினார்கள். துரையின் பங்களாவோ காற்று வீசும் மேட்டில் நின்றது. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு பெரட்டுக்கு வர முடியாமல் படுத்துக் கிடந்தவனுக்குச் "சோம்பேறி" என்ற பட்டமும் சேர்ந்து கிடைத்தது.

வாட்சன் தோட்டம் தோட்டமாகப் போனார். எதைச் சோதித்தார் தெரியுமா? குழந்தைகளின் வயிற்றை! மலேரியா அடிக்கடி தாக்கினால் மண்ணீரல் வீங்கும். லயத்துப் பிள்ளைகளின் விலாவுக்குக் கீழே கைவைத்துத் தடவிப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்தார். அந்தக் கணக்கை லயம் நின்ற இடத்தோடு ஒப்பிட்டார். சமவெளித் தோட்டங்களில், வெட்டாத காட்டுக்கு அருகே இருந்த லயத்தில் வீங்கிய வயிறுகள் அதிகம். காட்டிலிருந்து அரை மைல் தள்ளி இருந்த லயத்தில் மிகக் குறைவு. நிழலான சதுப்புக் குட்டைகளில் முட்டையிடும் கொசு அவ்வளவு தூரம் வந்து தாக்குவது அரிது என்பதே அதன் காரணம்.

"அப்படின்னா காட்டை வெட்டிட்டா எல்லாம் சரியாப் போச்சு!" என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் கதை திரும்புகிறது. குன்றுப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியபோது காய்ச்சல் குறையவில்லை, கூடியது! ஏன்? அங்கே இருப்பது வேறு வகைக் கொசு. அது வெயில் படும் தெளிந்த ஓடைநீரில்தான் பெருகும். மரநிழல் இருந்தவரை ஓடையில் அதற்கு இடமில்லை. மரம் வெட்டி வெயிலை உள்ளே விட்டதும் ஓடை முழுவதும் அதன் தொட்டிலாகிவிட்டது. கிள்ளானைக் காப்பாற்றிய அதே திறந்த வாய்க்கால் இங்கே நோயை வளர்த்தது. ஆகவே குன்றுத் தோட்டங்களில் ஓடைநீரை மண்ணுக்கு அடியில் குழாய் வழியாகக் கொண்டுபோனார்கள். பின்னர் நீரின் மேல் எண்ணெய் தெளிக்கும் முறையும் வந்தது.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை. கோல சிலாங்கூர் போன்ற கரையோர நிலங்களில் கரையும் மடையும் போட்டுத்தான் கடல்நீரைத் தடுக்கிறார்கள். கரை உடைந்து உப்புநீரும் நன்னீரும் கலந்து தேங்கினால், அந்த உவர்நீரை விரும்பும் மூன்றாவது கொசு வந்துவிடும்.

பார்த்தீர்களா? காட்டு நிழலுக்கு ஒரு கொசு, வெயில் ஓடைக்கு ஒரு கொசு, உவர்நீருக்கு ஒரு கொசு. நிலத்தை நாம் எப்படி மாற்றுகிறோமோ, அதற்கேற்ற நோய் வாசலில் வந்து நிற்கிறது. ஓர் ஊருக்குப் பொருந்திய திட்டத்தை அப்படியே எடுத்து இன்னோர் ஊருக்குப் போட்டால் உபத்திரவம்தான் மிஞ்சும்.

லயம் என்னும் வீடு

இடம் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டின் வடிவத்தையும் பார்ப்போம். பழைய லயம் என்பது நீண்ட ஒரே கட்டடம். ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை. பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. பின்பக்கம் சன்னல் வைக்க வழியே இல்லை. அடுப்புப் புகை, ஈரத்துணி, இருமும் தாத்தா, கைக்குழந்தை எல்லாம் அந்த ஓர் அறைக்குள்ளேதான். ஒருவருக்குக் காசநோய் வந்தால் அடுத்தவருக்கு வராமல் இருக்குமா?

கழிப்பிடம் இல்லாத லயங்களில் மக்கள் கித்தாக் காட்டுக்குள் ஒதுங்கினார்கள். அந்த மண்ணில் கொக்கிப்புழு பெருகியது. மறுநாள் காலையில் வெறுங்காலோடு பால் வெட்டப் போனவரின் பாதத்தோல் வழியே அது உடம்பில் ஏறியது. குடலில் தங்கி இரத்தத்தைக் குடித்தது. ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய நாடுகளில் இந்நோயை ஆராய்ந்தது. புழுவுக்கு மருந்து கொடுப்பதோடு கழிப்பிடமும் கட்டவேண்டும். இல்லாவிட்டால் நோய் திரும்பத் திரும்ப வரும் என்பதே கொக்கிப்புழு ஒழிப்பில் உலகம் கற்ற பாடம்.

1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வீடு, நல்ல தண்ணீர், மருத்துவ வசதி ஆகியவற்றை நிர்வாகத்தின் பொறுப்பில் வைத்தன. ஆயினும் சட்டம் ஏட்டில் ஓடிய வேகத்தில் லயத்துக்கு வந்து சேரவில்லை. 1948இல் அவசரகாலம் பிறந்ததும், சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலிக்குள் அடைத்தார்கள். நெருக்கம் மேலும் கூடியது. விடுதலைக்குப் பிறகு 1966இல்தான் தொழிலாளர் வீட்டுவசதிக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் நிறைவேறியது. அறை எத்தனை, காற்றோட்டம் எப்படி, குடிநீர் எங்கே என்பவையெல்லாம் தொழிலாளியின் உரிமை என்ற எண்ணம் அப்போதுதான் வலுப்பட்டது.

பட்டணத்தின் கதை

"தோட்டம்னா அப்படித்தான், பட்டணத்துல சௌகரியம்" என்று நினைப்பவர்களுக்குக் கோலாலம்பூரின் வரலாறு பதில் சொல்லும். 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மரமும் அத்தாப்பும் கொண்டு நெருக்கமாய்க் கட்டிய அந்த ஊரைத் தீ விழுங்கியது; அதே ஆண்டு வெள்ளமும் வந்து சேர்ந்தது. பிறகு 1884இல் பிராங்க் சுவெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் கொண்டே வீடு கட்டவேண்டும் என்று விதித்தார். அதற்காக எழுந்த செங்கல் சூளைகளின் நினைவாகத்தான் நம்மவர் நிறைந்து வாழும் பிரிக்பீல்ட்ஸ் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சிங்கப்பூரில் கடைவீடுகள் சன்னலற்ற சிற்றறைகளாகத் தடுக்கப்பட்டு, காசநோயின் உறைவிடமாய் இருந்தன. 1907ஆம் ஆண்டில் வெளிவந்த தம் அறிக்கையில் சிம்சன் என்ற சுகாதார நிபுணர், முதுகு ஒட்டிய கட்டடங்களுக்கு நடுவே பின்சந்து வெட்டி வெளிச்சமும் காற்றும் விடவேண்டும் என்று வற்புறுத்தினார். நம் ஊர்க் கடைத்தெருக்களின் பின்னால் இன்று காணும் சந்துகளைக் குப்பை கொட்டும் இடமாக நினைக்கிறோம். உண்மையில் அத்தகைய சந்துகள் நகரத்தின் மூச்சுக்குழாய்கள்!

இன்று நம் நிலை என்ன?

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, செம்பனைக்கும் தொழிற்பேட்டைக்கும் தாமான்களுக்கும் இடம் விட்டன. நம் மக்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கும், அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தார்கள். மலேரியாவின் கதையில் நாடு பெரும் வெற்றி கண்டது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை. குரங்கிலிருந்து வரும் வகை மட்டும் காட்டோரங்களில் இன்னும் உண்டு.

ஆனால் கொசு நம்மை விட்டதா? இல்லை. ஏடிஸ் கொசுவுக்குச் சதுப்பு வேண்டாம், ஓடை வேண்டாம். கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, தூக்கியெறிந்த டயர், மூடாத தண்ணீர்த் தொட்டி போதும். அது முழுக்க முழுக்க நம் வீட்டமைப்பில் வளரும் கொசு. அடுக்குமாடியின் மேல்தளத்திலும் பிழைத்துக்கொள்ளும். 1975லேயே கொசு வளரவிடுவோரைத் தண்டிக்கும் சட்டம் வந்தும், டிங்கி காய்ச்சல் ஓயவில்லை. ஆண்டுதோறும் அந்தக் கணக்கில் நம் சிலாங்கூர் பெரும்பாலும் முதலிடத்தில் நிற்பது நமக்குப் பெருமையா?

நெருக்கத்தின் பாடத்தையும் நாம் இரண்டாம் முறை படிக்க நேர்ந்தது. 2020 நவம்பரில் கிள்ளான் மேருவில், கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் கோவிட் பரவி ஆயிரக்கணக்கானோரைத் தொற்றியது. ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் உறங்கியவர்கள் அவர்கள். நூறு ஆண்டுக்கு முன் நம் பாட்டன்மார் லயத்தில் பட்ட பாட்டை, இன்று நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் படுகிறார்கள். அதைக் கண்டும் நாம் பேசாமல் இருக்கலாமா?

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை அளவுக்கு ஏறிய வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கிள்ளான் ஆற்றின் தாழ்நிலத்தில் எழுந்த குடியிருப்பு அது. வெள்ளம் வடிந்தாலும் எலிக்காய்ச்சலும் ஈரச்சுவரின் பூசணமும் பின்னாலேயே வருகின்றன.

சத்தமில்லாமல் வரும் நோய் ஒன்றும் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு; இந்தியரிடையே அது இன்னும் அதிகம். சோறும் இனிப்பும் காரணந்தான். ஆனால் இதையும் எண்ணுங்கள்: தோட்டத்தில் பள்ளிக்கும் கோயிலுக்கும் கடைக்கும் நடந்தே போனோம். இன்று பல தாமான்களில் நடைபாதை பாதியில் நின்றுவிடுகிறது. மர நிழல் இல்லை. சடக்கைக் கடக்கப் பயம். கடைக்குப் போக மோட்டார் சைக்கிள், பள்ளிக்குப் போக வேன். நடக்கவிடாத ஊர் நம் கால்களை மட்டுமா கட்டிப்போடுகிறது? இரத்தத்தில் சர்க்கரையையும் அல்லவா ஏற்றுகிறது!

நாம் செய்யவேண்டியது

பெற்றோர்களே! லயத்தை எங்கே கட்டுவது என்று நம் பாட்டனாரிடம் யாரும் கேட்கவில்லை. நம்மிடம் கேட்கவேண்டும் என்று இன்று சட்டமே இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஓர் இடத்திற்கான உள்ளூர்த் திட்டத்தை வகுக்கும்போது ஊராட்சி மன்றம் அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க நமக்கு உரிமை உண்டு. அந்த வரைபடத்தைப் போய்ப் பார்க்கும் தமிழர் எத்தனை பேர்? கோயில் திருவிழாக் கூட்டத்திற்குத் திரளும் நாம், "இந்தத் தாமானில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? திடல் எங்கே? நடைபாதை எங்கே?" என்று கேட்க நாலு பேராவது போகக்கூடாதா?

வீடு வாங்கப் போகிறவர்களே! சுவரின் சாயத்தையும் தரையின் பளபளப்பையும் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த நாளில் ஒரு தடவை போய் அல்லூரைப் பாருங்கள். நீர் ஓடுகிறதா, நிற்கிறதா? சன்னலைத் திறந்தால் எதிர்ச் சன்னல் வழியாகக் காற்று போகிறதா? அக்கம்பக்கத்து வயதானவரிடம், "இங்கே முன்னே என்ன இருந்துச்சுங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "பாயாதான் இருந்துச்சு" என்று அவர் சொன்னால், விலை மலிவாக இருப்பதன் காரணம் உங்களுக்கே விளங்கும்.

மாணவச் செல்வங்களே! நாளைய மருத்துவர்கள் உங்களிடமிருந்து வரவேண்டும் என்று நம் பெற்றோர் எல்லாரும் கனவு காண்கிறார்கள். நல்லது. அதோடு, நாளைய நகரத் திட்ட வல்லுநரும், பொறியாளரும், நில அளவையாளரும், ஊராட்சி மன்ற உறுப்பினரும் உங்களிடமிருந்து வரட்டும். மருத்துவர் வந்த நோயைத் தீர்ப்பார். வாய்க்காலைச் சரியான இடத்தில் வெட்டத் தெரிந்தவர் ஓர் ஊர் முழுவதற்கும் அந்த நோய் வராமல் தடுப்பார். கிள்ளானில் ஒரே ஆண்டில் 368ஐ 59ஆகக் குறைத்தவர்களின் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் இருந்தார். மண்வெட்டி பிடித்த பெயர் தெரியாத தொழிலாளிகள் பல நூறு பேர் இருந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வரைபடத்தைக் கையில் எடுக்கட்டும்.